கைநாட்டு

“வாயை நல்லாத் திறங்க தம்பி! அந்த மெக்கானிக் மட்டும் என் கண்ணுல படட்டும், ரெண்டு கையையும் உடைச்சிடுவேன்!”

பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு வாயைத் திறந்தார். விமானியின் மனைவி கோபத்தோடு ஊட்டிய சூப்பில் பாதி அவருடைய மீசையில் வழிந்தது. அதையும் அவளே துடைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் அடுத்த கட்டிலில் காலில் கட்டுடன் கிடந்த அவளுடைய கணவர் இருமினார். நான்கு நாட்களுக்கு முன் அவர் ஓட்டிய சிறு விமானம், மேலெழும்பிய சில நிமிடங்களிலேயே என்ஜின் நின்று, ஓடுதளத்தை ஒட்டிய புதரில் விழுந்திருந்தது. முந்தைய நாள்தான் என்ஜினைப் பழுதுபார்த்திருந்தார்கள். ஆயினும், தவறு விமானியுடையதே என்று விசாரணை அதிகாரி எழுதிவிட்டால், அவருடைய உரிமம் பறிபோகும். பதினெட்டு ஆண்டுப் பிழைப்பு அத்தோடு சரி. அந்த அதிகாரி இன்று வருவதாக இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரருக்கு உறவினர் அருகில் இல்லை. இரு கைகளிலும் மாவுக்கட்டு. “உயரத்திலேருந்து விழுந்துட்டார், பாவம். எதுவும் கிளறாதே” என்று கணவர் முதல் நாளே சொல்லிவிட்டார். வெள்ளையடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்திருப்பார் என்று அவளாகவே முடிவுகட்டி, அன்று முதல் இருவருக்கும் சேர்த்தே சமைத்துக் கொண்டுவந்தாள்.

“அவர் தெரியாம செஞ்சிருப்பாரு அக்கா” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

“தெரியாமலா? நட்டை முறுக்காம, வீட்டுல உட்கார்ந்து மீசையை முறுக்கிட்டு இருப்பான்! பழுது பார்த்தவனையே முதல்ல ஏத்திப் பறக்கவிடணும் தம்பி. அப்பத்தான் புத்தி வரும்.”

கணவர் மறுபடியும் இருமினார்.

“உங்களுக்கும் சூப் வேணுமாங்க?”

“வேண்டாம்மா. நீ கொஞ்சம் வாயை மூடினாலே எனக்குக் குணமாயிடும்.”

அப்போது அதிகாரி கோப்புடன் உள்ளே நுழைந்தார்.

“கேப்டன், உங்க மேல தவறில்லை. எண்ணெய்க் குழாய் நட்டைச் சரியா முறுக்கலைன்னு மெக்கானிக்கே நேத்து ஒத்துக்கிட்டார். நான் கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார்.”

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. “பரவாயில்லையே, அவனும் மனுஷன்தான்! சரி, ஒரு கையை மட்டும் உடைச்சாப் போதும்” என்று அடுத்த கரண்டியை நிரப்பினாள்.

“வாக்குமூலத்துல கைநாட்டு மட்டும் பாக்கி” என்றபடி அதிகாரி மைப்பெட்டியைத் திறந்தார்.

“கைநாட்டா? கையெழுத்துப் போடத் தெரியாத ஆள்கிட்டயா சார் என்ஜினைக் கொடுத்தீங்க?”

அதிகாரி பக்கத்துக் கட்டிலை நோக்கித் திரும்பினார். “பெருவிரல் கட்டுக்கு வெளியிலதானே இருக்கு? கொஞ்சம் நீட்டுங்க.”

“மன்னிச்சிடுங்க அக்கா” என்றார் பக்கத்துக் கட்டில்காரர். “பழுது பார்த்தவன் முதல் தடவை கூடவே பறக்கணும்கறது எங்க விதி. நீங்க சொன்ன ரெண்டுமே அன்னிக்கே நடந்துபோச்சு.”

அந்தரத்தில் நின்ற கரண்டி, சிறிது நேரம் கழித்து, மீசையில் ஒரு சொட்டும் படாமல் அவர் வாய்க்குள் போனது.