பொட்டு வைத்த ஆயில் டின்

தாண்டவராயனின் இஞ்சின் கொட்டகை முகையூர் வெயிலில் கொதிக்கிறது. சுவர் மாடத்தில் கம்பெனி ஆயில் டின் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது. அவர் வீட்டுச் சாமிக்குக்கூட இந்த மரியாதை கிடையாது. கீழே, ஜாம் ஆகி நின்றுபோன தண்ணீர் இறைக்கும் இஞ்சினுக்குள் விரலை விட்டு எடுக்கிறார் மெக்கானிக் சிங்காரம். விரலில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. "நான் ஊத்துறது கம்பெனி சரக்கு. கடைக்காரன் பீப்பாயில அளந்து குடுக்கிற மட்ட ஆயிலுன்னு நெனச்சிக்கினியா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறார் தாண்டவராயன். "கடைசியா எப்ப மாத்துனீங்க?" "நல்ல ஆயில எதுக்குய்யா மாத்தணும்? போன வருசம் ஆயுத பூஜைக்கு ஊத்துனது." சிங்காரம் கறுத்த விரலை அந்தச் சந்தனப் பொட்டின் மேலேயே அழுத்தித் துடைக்கிறார். வெளியே அவருடைய மல்லாட்டை, நிலக்கடலைச் செடிகள், தண்ணீரில்லாமல் தலை தொங்கிக் கிடக்கின்றன. வரப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மாளின் இஞ்சின் தடதடவென்று ஓடுகிறது; அவள் மாதம் தவறாமல் மாற்றுவது அதே பீப்பாய் ஆயில்தான். வாய்க்கால் முட்டத் தண்ணீர் மின்னிக்கொண்டு போகிறது. மண்வெட்டியோடு வரப்பேறி வந்து நிற்கிறாள் வெள்ளையம்மாள். "உங்க மல்லாட்டைக்கு மடை தொறந்து வுடட்டுங்களாண்ணா? மட்ட ஆயிலு எறைச்ச தண்ணிதான். பரவால்லீங்களா?"