ஓட்டைக் குழாய்

தேயிலை வந்தபின் அந்த மலையில் காடு துண்டு துண்டாகத்தான் மிச்சம். சோலைமந்திகளும் ஒரு கைப்பிடிதான். அவற்றுக்குத் தலைவன் தாட்டான், ஒரு கிழட்டு ஆண் குரங்கு. சொந்தக் கூட்டத்தைத் தவிர வேறு யாருக்கும் அது பேன் பார்த்ததில்லை.

பலா பழுத்தது சாலைக்கு அந்தப் பக்கம். நடுவே லாரிகள். போன மழைக்காலத்தில் ஒரு குட்டி அடிபட்டுச் செத்தது. இப்போது கைக்குட்டியோடு இன்னொரு தாய் மந்தி பசியில் காத்திருந்தது. சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம், மந்திகள் கடந்து போக மனிதர்கள் ஒரு பழைய தீயணைப்புக் கித்தான் குழாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"நெருப்பணைக்கிறவனுக்கு மரத்துல என்னடா வேலை?" என்றது தாட்டான்.

"ஓட்டை விழுந்துட்டேன், பெரியவரே. தூக்கிப் போட்டுட்டாங்க. தண்ணிதான் நிக்காது. நீங்க நிக்கலாம்" என்றது குழாய்.

"நீ அறுந்தேன்னு வை, கடிச்சுத் துப்பிடுவேன்."

தாட்டான் முதலில் தானே ஏறியது. கீழே லாரி உறுமிக்கொண்டு போனது.

"ஆட்டாதடா!"

"காத்துதான் ஆட்டுது. நான் பிடிச்சிருக்கேன், வாங்க."

தாட்டான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே தாயும் குட்டியும் வந்தன. தாய் வாய் நிறையச் சுளையை அடைத்துக்கொண்டது.

தாட்டான் திரும்பி வந்து குழாயின் நடுவில் உட்கார்ந்தது. அதன் கித்தான் முதுகை விரலால் துழாவியது.

"என்ன பண்றீங்க?"

"பேன் பார்க்கிறேன்."

"எனக்கு ஏதுங்க பேன்?"

"தெரியும். வாயை மூடிட்டு அசையாம இரு."

தூக்கிப் போட்டதிலிருந்து குழாயை யாரும் அப்படித் தொட்டதில்லை. அன்றைக்குக் காற்றும் பலம். அசையாமல் இருக்க அது படாத பாடு பட்டது.