பத்துக்கு இரண்டு

வலிக்கிறது என்று சொல்லும் வழக்கமே ஆதிகேசவனுக்குக் கிடையாது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் வெல்டிங் பொறி புறங்கையில் தெறித்தாலும், ஊதிவிட்டு அடுத்த தகட்டை எடுப்பார்.

ஆனால் உடல்பருமன் குறைய வயிற்றில் அறுவை செய்துகொண்ட மூன்றாம் நாள், "பத்துக்கு ரெண்டு" என்று அவர் சொன்னதற்குக் காரணம் வேறு.

அந்த மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. சிறுதுளை அறுவையை ரோபோவைக் கொண்டு செய்தால் பிறகு வலி குறைவா, டாக்டரே கருவி பிடித்துச் செய்தால் குறைவா என்று ஒப்பிட்டார்கள். யாருக்கு எது என்னும் சீட்டு ஓர் உறைக்குள் இருக்கும். ஆள் மயங்கிய பிறகே அதைப் பிரிப்பார்கள்; எது என்று அவரிடம் சொல்ல மாட்டார்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தினமும் நோயாளி சொல்ல வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் சஹாபுதீன், பழவேற்காட்டு இறால் வியாபாரி. "ஊசி போட சொல்லோ பாத்தேன்பா. நண்டு மாதிரி கையத் தூக்கினு நின்னுகினு இருந்துச்சு. எனக்கு ரோபோதான், வலியே இல்ல" என்று முதல்நாளே அளந்துவிட்டார்.

ஆதிகேசவன் கண்ணில் அப்படி எதுவும் படவில்லை. ஆகவே தனக்கு மனிதக் கைதான் என்று முடிவுகட்டினார். ரோபோ என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். போன தீபாவளிக்குப் பிறகு வெல்டிங் பிரிவுக்கு நான்கு வந்தன. பதினெட்டு வருட வெல்டரான அவரை வாசலில் லாரி எண் எழுத உட்காரவைத்துவிட்டார்கள். இங்கேயும் அதை ஜெயிக்க விடுவதா? மனிதக் கை செய்தால்தான் வலி குறைவு என்று பதிவாகட்டும்.

உண்மையில் இடது தோள்வரை குத்திக்கொண்டிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. நாடி பார்த்த செவிலியர் கிரேஸ், பிடித்த கையை விடவில்லை.

"நூத்தி முப்பது ஓடுதுண்ணா. நெஜமா ரெண்டுதானா?"

"ரெண்டுதாம்மா. எய்திக்கோ."

கட்டில் கம்பியைப் பற்றியிருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. மேலே சுழன்ற மின்விசிறி மெல்ல மெல்லத் தொலைவில் போய் மறைந்தது.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தார். உள்தையலில் கசிந்து வயிறே நஞ்சாகியிருந்ததாம். அவர் சொன்ன எண்ணை நம்பாமல் கிரேஸ் டாக்டரை அழைத்து வந்ததால், மறுபடி திறந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆதிகேசவன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்த ரெண்ட அடிச்சிடும்மா. ஒம்போது போடு. பொய் சொல்லிட்டேன். அந்த மெஷினே ஜெயிச்சிட்டுப் போவட்டும்."

கிரேஸ் இரண்டை அடித்து, ஒன்பது எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். பிறகு, இனி மறைக்க வேண்டியதில்லை என்று டாக்டர் கொடுத்திருந்த, பிரித்த உறையை அவர் கண்ணெதிரே நீட்டினார்.

"உங்களுக்குத்தாண்ணா ரோபோ."