நாற்பது விநாடி மௌனம்

"அந்த நாற்பது விநாடியை வெட்டி எறி. இப்பவே. என் கண்ணு முன்னாடியே."

போதகர் நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் தள்ளிவிட்டு வந்த கதவு பின்னால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மைத்துனன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். சபையின் வீடியோ வேலையெல்லாம் அவன் பொறுப்பு.

"விளையாடாதீங்க அத்தான். மூணு மணி நேர விவாதத்துல நாம ஜெயிச்சதே அந்த நாற்பது விநாடியிலதான். அஞ்சு மணிக்கு இந்தத் துண்டை வெளியிடறேன்னு ஊருக்கே சொல்லியாச்சு. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

திரையில் மௌலவி உறைந்து நின்றார். வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கை மேசைமேல் கிடந்த காகிதங்களில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'வாயடைத்துப்போன மௌலவி!'

"ஒரு தடவை பாருங்க. உங்களுக்கே புல்லரிக்கும்."

படம் ஓடியது.

"ஆரம்ப காலத்து மக்கள் இயேசுவை இறைத்தூதராகத்தான் பார்த்தார்கள்," என்றார் மௌலவி. "நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கூட்டிய சபைதான் அவரைக் கடவுளாக்கியது."

திரையிலிருந்த போதகர் எழுந்தார். "அதற்கு இருநூறு வருடத்துக்கு முன்பே, சிங்கங்களுக்கு இரையாகப் போன ஒரு பிஷப் தன் கடைசிக் கடிதத்தில் எழுதினார்: 'பேரரசன் சொல்லி நாங்கள் அவரைத் தொழவில்லை. பேரரசன் தடுத்தும் தொழுகிறோம்!'"

அரங்கம் அதிர்ந்தது. விசில்கூடக் கேட்டது. பிறகு மௌலவியின் முகம். மௌனம்.

"நிறுத்துடா!"

மைத்துனன் நிறுத்தினான். அத்தான் கோபப்படுவார் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இந்த அளவுக்குக் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"அவர் அதுக்கப்புறம் பேசினார் இல்ல? அது எங்க?"

"அது... கொஞ்சம் நீளம்னு எடுத்துட்டேன்."

"நீளமா? மூணே வரி. 'இந்தக் கடிதத்தை நான் படித்ததில்லை. நீங்கள் சொல்வது உண்மையானால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். படித்துவிட்டுச் சொல்கிறேன்.' அத்தனை பேர் முன்னாடி ஒரு மனுஷன் தெரியலைன்னு ஒத்துக்கிட்டார். அதைத் தூக்கிப் போட்டுட்டு வாயடைச்சாராம்! வெட்கமா இல்ல உனக்கு?"

"சரி, சரி. அந்த மூணு வரியையும் சேர்த்துடறேன். போதுமா?"

"போதாது. மொத்தமா எடு."

"அப்போ எதைத்தான் போடறது?"

"அந்தக் காலத்து ரோம ஆளுநர் ஒருத்தர் எழுதின கடிதத்தைச் சொன்னேனே, அதைப் போடு. கிறிஸ்தவங்க விடியறதுக்கு முன்னாடி கூடி, கிறிஸ்துவைத் தெய்வமா பாடறாங்கன்னு அவர் பேரரசருக்கே எழுதினார். எதிர்த்தரப்பு மனுஷன் கொடுத்த சாட்சி. அதைவிட வேற என்ன வேணும்?"

"அந்த இடத்துல முன்வரிசையிலயே ரெண்டு பேர் தூங்கறாங்க அத்தான். கேமராவுல விழுந்திருக்கு."

"தூங்கட்டும்!"

மேசையில் விழுந்த அடியில் மவுஸ் துள்ளியது. மைத்துனன் அதைப் பிடித்து வைத்துவிட்டு, அவரைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"புரியுது. தோத்தவரைத் தெருவுல இழுக்க வேண்டாம்னு பார்க்கறீங்க. உங்க பெருந்தன்மை யாருக்கு வரும்?"

"பெருந்தன்மையா!" என்றார் போதகர். "வாயை மூடு. வழியில பார்க்கிறவன் எல்லாம் கையைப் பிடிச்சுக் குலுக்கறான். உன் அக்கா பக்கத்து வீட்டுக்கெல்லாம் அந்த வரியை மனப்பாடமா ஒப்பிக்கறா. நீயும் ஆரம்பிக்காதே."

மைத்துனனின் சிரிப்பு அடங்கியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"உண்மையைச் சொல்லுங்க. அவங்க ஆளுங்க யாராவது மிரட்டினாங்களா?"

"மௌலவியே போன் பண்ணினார். நாலு நாளா நூலகமே கதின்னு கிடந்திருக்கார். அந்தக் கடிதத்தை ரெண்டு மொழிபெயர்ப்புல வரிவரியா படிச்சாராம். 'தப்பா நினைக்காதீங்க, அந்த வரி என் கண்ணுக்குத் தட்டுப்படலை, உங்ககிட்ட இருக்கிற பிரதியை அனுப்ப முடியுமா'ன்னு கேட்டார். அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு."

"அனுப்பி மூக்கை உடைக்க வேண்டியதுதானே?"

போதகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் அஞ்சுக்கு நாலு நிமிஷம்.

"எனக்கும் தட்டுப்படலை," என்றார். "நான் எடுத்தது ஒரு தடிப் புத்தகத்துலேர்ந்து. அதோட அடிக்குறிப்பு ஒரு பத்திரிகையைக் காட்டுச்சு. பத்திரிகை ஒரு துண்டுப் பிரசுரத்தைக் காட்டுச்சு. பிரசுரம் எழுதின பெரியவரை இன்னிக்குக் காலையிலதான் பிடிச்சேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு சபையில வாலிபர்கள் போட்ட நாடகத்துல கேட்டு, கடிதத்துல இருக்கிற வரிதான்னு நம்பிக் குறிச்சு வச்சாராம்."

"நாடக வசனமா?" மைத்துனன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "பிஷப் அப்படி எழுதவே இல்லையா? எவன் அத்தான் அந்த நாடகத்தை எழுதினவன்? அவனை இழுத்துட்டு வந்து இதே கேமரா முன்னாடி நிறுத்தறேன்."

"நிறுத்து," என்றார் போதகர். "அந்த நாடகத்தை எழுதிட்டு மறந்துபோனவனும் நான்தான்; பிஷப் வேஷம் கட்டி அதைப் பேசி, அன்னிக்கே கைதட்டு வாங்கினவனும் நான்தான்."