பத்து நிமிஷத் தீட்டு

மதராஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து ரயிலில் திருவள்ளூர் வந்த பாஷ்யத்தை, கோயில் கைங்கரியம் செய்யும் அப்பா எம்பார் வாசலிலேயே மறித்தார்.

“கதிர்வீச்சு நைட்ரஜனைத் தொட்டுட்டு அப்படியே ஆத்துக்குள்ள வரியா? தீட்டுடா!”

ஸ்டேஷனில் சேர்ந்துகொண்ட ஆய்வுக்கூடத் தோழன் சடையப்பன் பரிந்து பேசினான். “பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அது பாதி பாதியா கொறைஞ்சிக்கினே போவும் சார். அழிஞ்சது அத்தினியும் வெறும் கரியாயிடும். தொட்டு ரெண்டு மணி நேரமாச்சு, இன்னா மிச்சம் இருக்கப்போவுது?”

எம்பார் விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டு பாதி! விஞ்ஞானமே வந்து சாஸ்திரத்துக்குக் கணக்குச் சொன்னதில் அவருக்குப் பரம திருப்தி.

“பேஷ்! பாஷ்யம், உள்ள வா. நன்னா சொல்றியேப்பா, நோக்கு எந்த ஊரு?”

“பெரியபாளையம் பக்கம் சார், காலனி.”

எம்பாரின் கை மறுபடி வாசலை மறித்தது. “நீ அங்கேயே நில்லு. குடிக்கத் தீர்த்தம் வெளியில வரும்.”

சடையப்பன் சிரித்தான்.

“ஒரு வாரமா நான் லீவு சார், அந்த நைட்ரஜன் பக்கமே போவல. நம்ம தீட்டு எத்தினி தலைமொறைக்கு ஒருக்கா சார் பாதியாவும்?”