ஒரே அட்டையில் நாலு பேட்டரி

"நிறுத்துடி! மொதல்ல அந்தக் கொரங்க நிறுத்து!"

ரேகா கத்திய கத்தலில் சிம்ரன் பொம்மையைக் கீழே போட்டாள். கவிழ்ந்து கிடந்தும் குரங்கு விடாமல் மேளம் தட்டியது. பக்கத்து வீட்டில் பால்ராஜ் இறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

"நீதானம்மா பேட்டரி குடுத்த? அங்கிள் செத்த அன்னிக்கு, நம்ம பெல்லுலேர்ந்து நீயே புடுங்கிக் குடுத்தியே."

"குடுத்தேன்டி. தெருப் பசங்க பெல்ல அமுக்கிட்டு அமுக்கிட்டு ஓடுதுங்க, மத்தியானத்துல மன்ஷி கண்ண மூட முடியல. இப்ப சொல்றேன், கயட்டி மறுபடி பெல்லுலயே போடு."

சிம்ரன் முனகிக்கொண்டே ஸ்டூலை இழுத்தாள். மேளம் நின்றது. ஆனால் ரேகாவை உறுத்தியது சத்தம் மட்டும் இல்லை. அந்தப் பேட்டரிகள் இத்தனை நாள் தட்டியும் களைக்காததுதான்.

குமணன்சாவடியில் ஒரே கடையில், ஒரே மாதிரி பெல்லைத்தான் இரண்டு வீட்டுக்கும் வாங்கினார்கள். ஒயர் கிடையாது. சுவிட்சை அமுக்கினால் உள்ளே சுவரில் மாட்டிய டப்பா குருவி மாதிரிக் கத்தும். சுவிட்சுக்குள் கடையிலேயே பொத்தான் பேட்டரி போட்டிருந்தது; டப்பாவுக்குத்தான் தனியாக இரண்டு பேட்டரி வேண்டும். ரேகா சுவிட்சை வாசலில் ஒட்டினாள். பால்ராஜின் மனைவி ஆக்னஸ் தன் சுவிட்சை அவர் தலையணையோரம் ரிப்பனில் கட்டினாள்.

ஆவடி தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதர் பால்ராஜ். வாதம் வந்து ஒரு கையும் பேச்சும் போய்விட்டன. பிறகு அந்தப் பெல்தான் அவருக்கு வாய்.

"நல்ல பேட்டரியாப் பார்த்து வாங்கிட்டு வா ரேகா" என்றுதான் ஆக்னஸ் சொல்லி அனுப்பினாள். ரேகா வாங்கி வந்தது கரையான்சாவடி நடைபாதையில் குவித்து வைத்திருந்த மலிவு அட்டை. "இன்னாத்துக்குக்கா தண்டமா செலவு பண்ணிகினு? பேட்டரின்னா எல்லாம் பேட்டரிதான்" என்று சிரித்துக்கொண்டே பிரித்து, ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டாள்.

பால்ராஜ் இறந்த அன்று மதியம் ஆக்னஸ் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குருவி கத்தவில்லை. துணியைக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவள் அலறிய அலறலில்தான் ரேகா தூக்கம் கலைந்து ஓடினாள். பால்ராஜின் கட்டைவிரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. சுவரிலிருந்த பெல்லைத் திறந்து பார்த்தால், உள்ளே இரண்டு பேட்டரியும் கசிந்து வெள்ளையாய்ப் பூத்திருந்தன.

யாரும் ரேகாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போதுகூட ஆக்னஸ் அவள் தோளில்தான் சாய்ந்து வந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ரேகா அன்றைக்கே தூங்கியிருப்பாள்.

இனித் தாங்காது என்று தோன்றியது. செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

ஆக்னஸ் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சுவிட்ச்.

"அக்கா, என்ன நல்லா நாலு அறை அறஞ்சிடுக்கா."

"என்ன பேச்சு இது? உட்காரு மொதல்ல."

"மட்டமான பேட்டரிய உன் தலைல கட்னது நான்தான? உன் பேச்சக் கேட்டு நல்லதா வாங்கியாந்திருந்தா பெல்லு அடிச்சிருக்கும். கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரே சொன்னாரே. யார் காதுலயாச்சும் வுழுந்திருந்தா ஆட்டோல போட்டு தூக்கினு ஓடியிருப்போமேக்கா."

"உன் வீட்டுக்கும் அதே அட்டைதான? உனக்கு நல்லதும் எனக்குக் கெட்டதும் வரும்னு நீ என்ன கண்டியா?" ஆக்னஸ் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுவே ஒரு கோட்டி பெல்லு. சில நேரம் கூப்பிடாமலே கத்தும். ஓடிவந்து பார்த்தா, நான் இல்லன்னு தலைய ஆட்டுவாரு. கை நடுங்கி அமுக்கிட்டு மறைக்காருன்னு நான் வைவேன். பாவம், முழிச்சுக்கிட்டுக் கெடப்பாரு."

ரேகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

"பேட்டரிய நான் எப்பவோ விட்டுட்டேன் ரேகா. ஒண்ணே ஒண்ணுதான் மனச அரிக்குது. அன்னைக்கு எவ்வளவு நேரம் இதையே அமுக்கிக்கிட்டுக் கெடந்தாரோ? யாராவது வருவாங்க வருவாங்கன்னு, இப்படித்தான..."

ஆக்னஸ் கட்டைவிரலைச் சுவிட்சில் வைத்து அமுக்கினாள். எதிர்ச் சுவரில் பேட்டரி இல்லாத பெல் பேசாமல் தொங்கியது. மறுபடி அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிம்ரனின் குரல் கேட்டது.

"அம்மா, அன்னிக்கு மாரியே நம்ம ஊட்டு பெல்லு அடிச்சிகினே கீது, வாசல்ல யாருமே இல்ல!"