கம்பத்து முத்தம்

ஆசியக் கோப்பையில் மூன்றாவது கோலும் விழுந்ததும் ஊர் நூலகத்துத் தொலைக்காட்சி முன்னால் ஏச்சு கிளம்பியது. இந்திய கோல்கீப்பர் ஆன்றோ இந்தக் கடற்கரைக்காரன்தான்.

"பந்து வரும்போ கோல் கம்பத்தத் தொட்டு முத்தம் வச்சிட்டு நிக்கான். அந்தக் கோட்டிப் பழக்கத்தாலதாம்ல தோத்தோம்!" என்றார் சூசைமிக்கேல்.

கிளீட்டஸ் எழுந்தான். படிக்கும் காலத்தில் பள்ளி அணியில் அவன்தான் கோல்கீப்பர். ஆன்றோ அவனுக்கு மாற்று ஆட்டக்காரனாக வெளியே உட்கார்ந்திருந்தவன். அந்த முத்தமும் கிளீட்டஸைப் பார்த்து ஆன்றோ பழகியதுதான். ஊரே அதை 'ஆன்றோ முத்தம்' என்று கொண்டாடியபோதெல்லாம் பத்து வருடமாக அவனுக்கு வயிறெரிந்தது. ஏச்சென்றாலும் சரி, தன் பெயருக்கு வரட்டும்.

"அது எனக்க பழக்கம். நாந்தான் தொடங்கினது," என்றான்.

யாரும் திரும்பவில்லை. வெளியேறுகையில் அவன் கை தானாகக் கதவுநிலையைத் தொட்டு உதட்டுக்குப் போனது.

"பாருல, அப்படியே ஆன்றோ மாதிரி செய்யுதான்," என்று யாரோ சிரித்தார்கள்.